அஸ்தர்

“அசையாதேக்கா. காலைத் தூக்காதே. முனை உன் கோட்டு மடிப்புல கூட இருக்கும்.”

அன்னம்மாள் தரையில் மண்டியிட்டு மெஷினுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள். சைரா நாற்காலியில் இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி மூன்று துண்டாக உடைந்திருந்தது. இரண்டு துண்டுகள் மேஜைமேல் கிடந்தன. முனையைக் காணோம். அது கிடைக்கும்வரை மெஷினை ஓட்டக்கூடாது. எந்த ஊரிலோ யார் காலிலோ ஊசிமுனை குத்திவிடக்கூடாது என்று ஷூ கம்பெனியில் சட்டம். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள்.

சூப்பர்வைசர் கௌதம் காந்தத்தோடு வந்தான். சைராவின் மகன் வயதுதான் இருக்கும்.

“இன்னா சைராம்மா, இந்த வாரத்துல இது மூணாவது.”

“ஊசி சரியில்ல சார்,” என்று அடியிலிருந்து அன்னம்மாளின் குரல் வந்தது. “மட்டமான ஊசி.”

“ஜெர்மன் ஊசி அது.”

“அப்ப அதுக்கு ஆம்பூர் வெயில் ஒத்துக்கல போல.”

லைன் முழுக்கச் சிரித்தது. கௌதமும் சிரித்துவிட்டான். காந்தத்தைத் தரையில் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. அன்னம்மாள் எழுந்து, சைரா பாதி தைத்து வைத்திருந்த அப்பரை, செருப்பின் மேல்பாகத்தை, எடுத்து, உட்பக்கத்தில் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. சட்டென்று கையை உதறினாள். விரல்நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

“அஸ்தர்ல குத்தினு இருக்கு பாரு.”

லைனில் இருக்கும் சின்னப் பெண்கள் எல்லோரும் அதை லைனிங் என்றுதான் சொல்வார்கள். செருப்பின் உள்துணி. அஸ்தர் என்கிற உருதுச் சொல் பழைய ஆட்களின் வாயில்தான் இன்னும் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு பொருளும் உண்டு. அதை அறிந்தவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புது ஊசி வந்தது. சைரா அதை மாட்டப் பார்த்தாள். வலது கை நடுங்கியது. அன்னம்மாள் தன் மெஷினைப் பார்த்தபடியே இடது கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“பொய்.”

பொய்யில்லை. போட்டாளா இல்லையா என்பது சைராவுக்கு உண்மையிலேயே நினைவில்லை. இன்று சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

*

சைராவைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிறந்தது வாணியம்பாடி. புருஷன் ரஃபி அகமது டேனரியில் தோல் சுழற்றும் டிரம்மில் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டு இறந்துபோனார். ஒரே மகன் தானிஷ் சென்னையில் இருக்கிறான், பெருநாளுக்கு வருவான். சைரா ஷூ கம்பெனியில் அஸ்தர் தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். தால்சாக் குழம்பு நன்றாக வைப்பாள்.

ஊருக்குத் தெரியாதது, அவள் அஸ்தரின் தலை என்பது.

அஸ்தர் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஒரு பஞ்ச காலத்தில் என்பார்கள். பிழைக்க வந்த சனங்களைக் கங்காணிகள் ஆசை காட்டிக் கப்பலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, டேனரியில் தோல்மயிர் அலசுகிற ஒருத்தி, ஒரு தாயையும் பிள்ளையையும் ஈரத்தோல் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்தாளாம். மறுநாள் இன்னொரு வீட்டுக்கு. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. அவ்வளவுதான் அஸ்தர் செய்வது. ஓடி வருகிறவரை மறைப்பது, நகர்த்துவது, பிழைக்க ஓர் இடம் பார்த்துக் கொடுப்பது. கங்காணிக்குப் பயந்து ஓடியவர்களுக்குப் பிறகு வட்டிக்காரனுக்குப் பயந்து ஓடியவர்கள் வந்தார்கள். இப்போது பெரும்பாலும் புருஷனுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் பயந்து ஓடி வருகிற பெண்கள்.

அந்த மயிர் அலசுகிறவளுக்குப் பிறகு பேரணாம்பட்டில் ஒரு மருத்துவச்சி தலையாக இருந்தாள். அப்புறம் சில நாளே இருந்த ஒரு பெண், பிறகு தோல்பையில் தண்ணீர் சுமந்து ஊற்றிய ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சமைத்த ஒரு அம்மாள், காது கேட்காதவள். குடியாத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட்காரர். லுங்கி நெய்த ஒருவர். ஒருவர் சாதி இன்னொருவருக்கு இல்லை, ஒருவர் சாமி இன்னொருவருக்கு இல்லை. தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. எதையும் எழுதி வைப்பதில்லை. போன் வந்த பிறகு போனிலும் பேசுவதில்லை. வீடுகள், ஆட்கள், வழிகள் எல்லாம் தலையின் மனசில் மட்டும் இருக்கும்.

சைராவுக்கு முன்னால் இருந்தது செண்பகம். திமிரி ஊர்க்காரி. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இட்லிக்கடை போட்டிருந்தாள். சைராவை மகள் மாதிரி வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது, “இனிமே எனக்கு மேல நீ,” என்று சொன்னாள். அடுத்த நாள் கடைக்குப் போன சைராவின் காலடியில் இட்லிப் பானைத் தண்ணீரை விசிறி ஊற்றி, கடைவாசலை மிதிக்காதே என்று கத்தினாள். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. செண்பகத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் சைராவின் முகத்தைப் பார்க்கவில்லை. செத்துப்போனபோது சைரா அந்தத் தெருவின் எதிர்ச்சாரியில் நடந்து போனாள். நிற்கவில்லை. நிற்கக்கூடாது.

தலை மாறினால் பழையவளும் புதியவளும் அன்னியராகிவிட வேண்டும். அதுதான் சட்டம். மருத்துவச்சி செத்த வீட்டில் ஒரு பெண் தாங்கமாட்டாமல் அழுதாள். உறவுமில்லை, சாதியுமில்லை, இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று கங்காணியின் ஆட்கள் அவளைப் பிடித்துப் போனார்கள். அவள்தான் புதுத் தலை. அவள் வாயைத் திறக்கவில்லை, திரும்பி வரவுமில்லை. அதிலிருந்து இப்படி.

அஸ்தரைக் கையில் ஒப்படைக்கிற மாதிரி சைராவுக்குத் தெரிந்த ஆள் ஒருத்திதான். அது அன்னம்மாள். மூன்று வருஷமாக வேறு ஒருத்தியைத் தேடிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், தேடுகிற மாதிரி நாளைக் கடத்தினாள்.

*

தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இருபது வருஷமாக அதே இடம். சைரா தால்சாவை அன்னம்மாளின் டப்பா மூடியில் ஊற்றினாள். அன்னம்மாள் காராமணிக் குழம்பை சைராவின் மூடியில் ஊற்றினாள்.

“அன்னம், போன வியாழக்கிழமை பல்வலின்னு லீவு போட்டியே.”

“ஆமா. கடவாப்பல்லு. உயிரு போச்சு.”

“இப்ப எப்படி இருக்கா? உமைமா தானே பேரு?”

அன்னம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஆள்தான், என்று சைரா நினைத்துக்கொண்டாள்.

“எந்த உமைமா? யாரு சொன்னது உனக்கு?”

“உனக்கு பூக்காரி சொன்னா. பூக்காரிக்கு டீக்கடை வாஹித் பாஷா சொன்னாரு. வாஹித் பாஷாகிட்ட நான் சொன்னேன்.”

அஸ்தரில் ஒருவருக்குத் தனக்கு மேலே ஒருவரையும் கீழே ஒருவரையும்தான் தெரியும். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சொல்ல வேண்டியதை சைரா டீக்கடையில் சொல்வாள். அது ஊரைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அன்னம்மாளிடம் வந்து சேரும். அதற்கு மறுநாள் அன்னம்மாள் சைராவிடம் பல்வலி என்பாள், மகள் நிஷாவுக்குக் காய்ச்சல் என்பாள். சைரா கிராம்பு வைத்துக்கொள்ளச் சொல்வாள்.

“உனக்கு யாருக்கா சொல்லுவாங்க?”

சைரா சோற்றைப் பிசைந்தாள்.

“உனக்கு மேல யாரு?”

“யாரும் இல்ல.”

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரோ மோட்டாரை நிறுத்த மறந்திருந்தார்கள். அன்னம்மாள் சைராவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். கைக்குழந்தை நிஷாவோடு குடியாத்தத்தில் புருஷன் வீட்டுப் பின்கதவு வழியாக அவள் வெளியேறிய நாளில், அவளுக்காக வாணியம்பாடியில் ஒரு வீடு திறந்திருந்தது. பாய் போட்டிருந்தது, பால் காய்ச்சி வைத்திருந்தது. சைரா தலையான பிறகு செய்த முதல் வேலை அது. ஒரு வருஷம் கழித்து அதே பெண் வேலை தேடிக் கம்பெனிக்கு வந்து, தானாகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தபோது சைரா, தெரியாதவள்போல, பேர் என்ன என்று கேட்டாள்.

“அப்ப நான் இத்தினி வருஷமா ஷபீ அஹமது சாயபுக்கு சலாம் வெச்சது?” என்றாள் அன்னம்மாள். “வெள்ளைக் கார்ல போவாரே. அவருதான் தலைன்னு நான் சத்தியமே பண்ணுவேன். பூக்காரி காலேஜ் வாத்தியார்னு சொல்லுவா. நாங்க சண்டையே போட்டிருக்கோம்.”

“சாயபு நல்ல மனுஷன்தான். வெச்சா தப்பில்ல.”

“ஒருநாள் அவரு காரை நிறுத்தி, இன்னாம்மா வேணும்னு கேட்டாரு. நான் கண்ணடிச்சிட்டு வந்துட்டேன்க்கா.”

சைராவுக்குப் புரையேறியது. அன்னம்மாள் தலையில் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு சைரா வாயைத் துடைத்துக்கொண்டு, “இனிமே எனக்கு மேல நீ,” என்றாள்.

“நான் கேக்கவே இல்லியே.”

“என்னையும் யாரும் கேக்கல.”

“எனக்கு வேணாம். நீயே இரு. கை நடுங்குனா இன்னா, வாய் நல்லாத்தானே இருக்குது.”

“கை இல்ல அன்னம். மனசு. உமைமாவுக்கு புதன்கிழமைன்னு சொன்னேன். உனக்கு வியாழக்கிழமைன்னு சொல்லி அனுப்பினேன். அந்தப் பொண்ணு வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் பூரா உக்காந்துனு இருந்திச்சி. அவ அண்ணனுங்க ரெண்டு தடவை பைக்ல வந்து போனானுங்களாம். அங்க குப்பை கூட்டுற அம்மா பாவம் பார்த்து வீட்டுக்கு இட்டுனு போகலேன்னா?”

அந்தக் குளறுபடி யாருடையது என்று ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தவள் அன்னம்மாள்.

சைரா வீடுகளைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, ரயில் போகிற வரிசையில், ஒவ்வொரு ஊராக. எந்த வீட்டில் யார், எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எங்கே குழந்தையோடு போகலாம், எங்கே கூடாது. அன்னம்மாள் உதடு அசையச் சொல்லிக்கொண்டே வந்தாள். காட்பாடிக்கு அப்புறம் சைரா நின்றுவிட்டாள்.

“ரெண்டு வீடு வரல.”

“பரவால்லக்கா.”

“நல்ல வீடுங்க. வரமாட்டேங்குது.”

“நான் தேடிக்கிறேன். வுடு.”

அதற்குப் பிறகுதான் சைரா சட்டத்தைச் சொன்னாள். அன்னம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவை மூடி வைத்தாள்.

“நான்தானே தலை? அந்தச் சட்டத்த மாத்திட்டேன். இப்பவே.”

“மாத்தலாம். உனக்குத் தோதா மாத்தக்கூடாது.”

“அது அந்தக் காலம். இப்ப எவன் வர்றான்?”

“உமைமாவோட அண்ணனுங்க எந்தக் காலம்? சனிக்கிழமை கம்பெனி கேட்டாண்ட நின்னுனு விசாரிச்சானுங்க. நீயும்தான் பார்த்த.” சைரா தாழ்ந்த குரலில் சொன்னாள். “நான் இன்னும் கொஞ்ச நாள்ல யாருகிட்ட இன்னா உளறுவேன்னு எனக்கே தெரியாது அன்னம். அப்ப அவனுங்க பாக்கறது என் பக்கத்துல உக்காந்துனு இருக்கறது யாருன்னுதான். அந்த இடத்துல நீ இருக்கக்கூடாது.”

“எனக்கு யாரு இருக்காங்க, உன்னை வுட்டா?”

சைராவுக்கும் அதே கேள்விதான். மூன்று வருஷம் அதைக் கேட்டுக்கொண்டுதான் நாளைக் கடத்தியிருந்தாள். அன்னம்மாளின் விரலில் ஊசி குத்திய இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பெல் அடித்தது.

*

பேசாமல் பிரிந்தால் ஊர் காரணம் தேடும். அதனால் காரணத்தை ஊருக்கு முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். பழி பழையவள்மேல்தான் விழ வேண்டும். புதியவளின் பெயர் கெடக்கூடாது, அவளை நம்பி ஆட்கள் கதவு திறக்க வேண்டும்.

மூன்று மணிக்கு சைரா கௌதமிடம் போனாள். ஒடிந்த ஊசித் துண்டுகளை அன்னம்மாள் காட்டாமல் மறைக்கிறாள், அப்படியே செருப்பில் விட்டுவிடுகிறாள் என்று லைன் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். கம்பெனியில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கௌதம் நம்பவில்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டால் பார்த்தே ஆக வேண்டும். அன்னம்மாள் தைத்த ஜோடிகளை எல்லாம் திருப்பி எடுத்துவந்து மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். லைன் நின்றது. ஒரு ஜோடிக்குக்கூட அது கத்தவில்லை.

“ஏன் சைராம்மா இப்படி?” என்றான் கௌதம். கோபமாகக்கூட இல்லை. “காலைலதான் அவங்க உங்களுக்காகத் தரையில உருண்டாங்க.”

சைரா தலையைக் குனிந்துகொண்டாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது யாரும் அவளுக்கு நகர்ந்து இடம் விடவில்லை. தபஸ்ஸும் என்கிற பெண், சைராவிடம் வேலை கற்று அவளைச் சித்தி முறையில் காலாம்மா என்பவள், நேராகவே கேட்டாள்.

“ஏன் காலாம்மா, உங்களுக்கு வெக்கமா இல்ல? அன்னம்மா ஆன்ட்டி வேலைய வாங்கிட்டு யாருக்குக் கொடுக்கப் போறீங்க?”

“நீ பேசாதே தபஸ்ஸும்,” என்று அன்னம்மாள் எழுந்தாள். “இது எங்க ரெண்டு பேர் பேச்சு.”

பஸ் கிளம்பியது. அன்னம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சைராவின் முன்னால் நின்றாள். கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சைரா நிமிர்ந்து பார்த்தாள். கத்து, என்று கண்ணால் சொன்னாள்.

“இருபது வருஷம்டி!” என்று அன்னம்மாள் கத்தினாள். அதுவரை ஒருநாளும் அவளை ‘டி’ போட்டுப் பேசியதில்லை. “இருபது வருஷம் உன் பக்கத்துல உக்காந்தேன். இனிமே உன் கையால ஒரு வாய் சோறு தின்னா நான் மனுஷியே இல்ல!”

“சரியா சொன்னீங்க ஆன்ட்டி,” என்றது ஒரு குரல்.

“இனிமே உன்னை எவ பாக்கப்போறா? மாத்திரை போட்டியா போட்டியான்னு இனிமே எவ கேக்கப்போறா? நீயேதான் போட்டுக்கணும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கண்ணாடிகிட்ட வெச்சிக்க, மூஞ்சைப் பாக்கறப்ப ஞாபகம் வரும். எனக்கு இன்னா வந்திச்சி!”

“ஆமா,” என்றாள் சைரா.

“குளிக்கற ரூம்புல தரை வழுக்குது. எத்தினி தடவை சொன்னேன், சாக்குப் போடுன்னு? போடாதே! வுழு! உன் பையனுக்கு போன் போடு, இங்க வந்து இருடான்னு சொல்லு. கெத்தா இருந்துனு இருக்காதே. அவனாவது வந்து உன்னைக் கட்டினு அழட்டும். நான் வரமாட்டேன். நீ செத்தாக்கூட வரமாட்டேன், தெரிஞ்சிக்க!”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். தபஸ்ஸும் அவளைப் பிடித்து உட்காரவைத்து, “வுடுங்க ஆன்ட்டி, இவங்களுக்குப் போய்,” என்று முதுகைத் தடவினாள்.

சைரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செண்பகம் அன்றைக்குக் காலடியில் ஊற்றிய தண்ணீர் சுடவே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்துத்தான் ஊற்றியிருக்கிறாள். ஆறுகிற வரைக்கும் அந்தப் பானை பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்?

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. படிக்கட்டில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அன்னம்மாள் கத்தினாள்.

“பாத்து இறங்கு, தொலை!”

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. சைரா டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். அன்னம்மாள் கடைசி வரிசையில் தபஸ்ஸுமோடு இருந்தாள். இருவரும் பேசவில்லை.

கௌதம் சைராவை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினான். அங்கே பெட்டிக்குள் காகிதம் திணிக்கிற வேலை. கை நடுங்கினாலும் செய்யலாம். அவளுடைய மெஷினுக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள்.

மத்தியானம் அன்னம்மாள் கேன்டீனில் சாப்பிட்டாள். சைரா பேக்கிங் பெண்களோடு சாப்பிட்டாள். அவர்கள் அவளிடம் அதிகம் பேசவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போய் அரை மணி நேரம் கழித்து வந்தது. வேலூரிலிருந்து யாரோ ஆபீசர் வருவதாகச் சொல்லி எல்லோரையும் தரையைக் கூட்டச் சொன்னார்கள். அவர் வரவில்லை.

சாயங்காலம் சைரா வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். தானிஷுக்குப் போன் செய்தாள். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னான். எட்டு மணிக்குத் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்தது. மூன்று குடம் பிடித்து வைத்தாள். கண்ணாடிப் பக்கத்தில் வைத்திருந்த ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.